ஐந்தில் ஒரு பங்கு ஹரிக்கேன்

வல்லம் வடகால் என்னும் ஊரின் பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அக்கம்பக்கத்துக் கிராமத்தாரைத் தவிர வேறு எவரும் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதியில் அமைந்த ஊர் அது. இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா பரந்து கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. விமானப் பாகங்கள் செய்யும் தொழில்களுக்கென்று தனிப் பூங்காவும் ஒதுக்கப்பட்டுள்ளது. அதே பூங்காவில், ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் பொது நிலையம் ஒன்றை ஏறத்தாழ 45 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கான மூன்று சோதனை நிலையங்களுள் ஒன்றாக, இதற்கான ஒப்பந்தம் 2024 ஜூலை 2 ஆம் நாள் கையெழுத்தாயிற்று. இந்நிலையத்தை அமைக்கும் கூட்டமைப்புக்குக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமை ஏற்றது.

ஆளில்லா விமானம் என்றவுடன், நான்கு விசிறிகளுடன் கல்யாண மண்டபத்தின் மேலே வட்டமிட்டுப் படம் பிடிக்கும் கருவிதான் இன்றைய மாணவர்களின் நினைவுக்கு வரும். அதன் குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டே போனால் நாம் சென்று சேரும் இடம் இராணுவத் தொழிற்சாலை அன்று. மரச் சீவல்களும் பசையும் உப்புத்தாளும் இறைந்து கிடக்கும் பொழுதுபோக்காளர்களின் மேசைதான் அது. பெரிய விமானங்களைப் பார்த்துச் சிறியனவாகச் செய்து, அவற்றை ரேடியோ அலைகளால் ஆட்டுவித்தவர்கள் அவர்கள்.

அவர்கள் செய்ததை 'மாதிரி' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எதற்கு மாதிரி? தோற்றத்துக்கா, பறக்கும் அழகுக்கா, விமானத்தின் மேல் செயற்படும் விசைகளுக்கா? இந்த மூன்றையும் ஒரே பொருளில் அடைந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் எண்ணுவார்கள். இயற்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று தேர்ந்தே ஆகவேண்டும். அந்தத் தேர்வில்தான் பொம்மையும் ஆயுதமும் ஆராய்ச்சிக் கருவியும் வழி பிரிந்தன.

ஆண் தேனீ பிறந்த கதை

கம்பியில்லா அலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதை 1898 இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் செய்து காட்டினார். தொட்டி நீரில் மிதந்த சிறு படகு அவர் சொன்னபடியெல்லாம் திரும்பிற்று. முதல் உலகப் போரின்போது, 1917 இல், பிரிட்டனில் ஆர்ச்சிபால்டு லோ என்பவர் இதே வித்தையை விமானத்தில் முயன்றார். பெரிய பயன் விளையவில்லை. காரணம் எளியது. படகு தவறினால் நிற்கும். விமானம் தவறினால் விழும்.

1935 இல் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வேறொரு தேவை எழுந்தது. பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக இலக்கு வேண்டும். ஆள் உள்ள விமானத்தை இலக்காக வைக்க முடியாது அன்றோ? டி ஹாவிலண்டு நிறுவனம் தன் பயிற்சி விமானத்தையே ரேடியோவால் இயங்குமாறு மாற்றி 'குவீன் பீ', அதாவது இராணித் தேனீ, என்று பெயர் வைத்தது. ஆங்கிலத்தில் 'டிரோன்' என்பது ஆண் தேனீயைக் குறிக்கும் சொல். இராணித் தேனீயை ஒட்டித்தான் ஆளில்லா விமானங்களுக்கு அப்பெயர் வந்தது என்பர்.

இராணித் தேனீ முழு அளவு விமானம். சிறிய மாதிரியை ரேடியோவால் பறக்கவிட்ட பெருமை பொழுதுபோக்காளர்களுக்கே உரியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் இருந்தனர். ஒருவருக்கு இயற்பியல் படிப்பு, மற்றவருக்கு அமெச்சூர் ரேடியோப் பித்து. இரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்தால் என்ன நடக்கும்? 1937 இல் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை அவர்கள் ரேடியோவால் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எந்தப் போர் விமானத்தைப் போலவும் இல்லை. அன்றைய வெற்றிடக் குழாய்களையும் மின்கலங்களையும் சுமந்து மெதுவாகப் பறக்கவேண்டும் என்பது ஒன்றே அவர்கள் குறி. ஆகவே தோற்றத்தை அவர்கள் முதலிலேயே கைவிட்டார்கள்.

அதே காலத்தில் ரெஜினால்டு டென்னி என்ற ஆங்கிலேய நடிகர் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை வைத்திருந்தார். முதல் உலகப் போரில் விமானப்படையில் பணிபுரிந்தவர். விளையாட்டு விமானத்தைச் சற்றுப் பெரிதாக்கி ரேடியோவும் பொருத்தினால் பீரங்கிப் பயிற்சிக்கு மலிவான இலக்கு கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவருடைய 'ரேடியோபிளேன்' நிறுவனம் ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்துவிட்டது. 1945 இல் அத்தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்களைப் படம் எடுக்க இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் போனார். அவர் கண்ணில் பட்ட நோர்மா ஜீன் என்ற பெண்ணே பின்னாளில் மர்லின் மன்றோ ஆனார். திரைப்பட ரசிகர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவர் கையில் இருந்தது ஓர் ஆளில்லா விமானத்தின் பாகம் என்பது பலருக்குத் தெரிந்திராது.

சென்னை மாகாணத்தின் பெயரில்

இனித் தோற்றத்தைக் கைவிட மறுத்தவர்களிடம் வருவோம். உண்மைப் போர் விமானம் ஒன்றை ரிவெட் தலை வரை பார்த்து, அதே போலச் செய்து, பறக்கவும் விடுவோம் என்பவர்கள் இவர்கள். எந்த விமானத்தைத் தேர்வது என்பது அவர்களுக்குப் பாதி இன்பம். தமிழ்நாட்டில் ஒருவர் இதில் இறங்கினால் நான் ஒரு விமானத்தைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், போர் நிதி தந்த நாடுகள், மாகாணங்கள் ஆகியவற்றின் பெயர்களைப் பிரிட்டிஷ் விமானப்படை தன் படைப்பிரிவுகளுக்குச் சூட்டியது. 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரை மூன்று பிரிவுகள் தாங்கின. 234 ஆம் பிரிவு ஸ்பிட்ஃபயர் விமானங்களை ஓட்டியது. 264 ஆம் பிரிவிடம் முதுகில் சுழலும் துப்பாக்கிக் கூண்டு கொண்ட டிஃபயன்ட் விமானங்கள் இருந்தன. 79 ஆம் பிரிவிடம் இருந்தவை ஹரிக்கேன்கள். இந்த 79 ஆம் பிரிவு 1942 இல் இந்தியாவுக்கே வந்து பர்மாப் போர்முனையில் ஈடுபட்டது. நம் இந்திய விமானப்படையும் அதே போர்முனையில் ஹரிக்கேன்களை ஓட்டியது. சென்னையின் பெயரைச் சுமந்து இந்தப் பக்கமே வந்த விமானத்தை விட்டு வேறு எதைத் தேடுவது?

இன்னொரு காரணமும் உண்டு. ஹரிக்கேனின் பின்னுடல் தகட்டால் மூடப்பட்டது அன்று. உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சட்டங்களும் நீள ரீப்பர்களும் வைத்து, அதன்மேல் துணி போர்த்தி, 'டோப்' என்னும் மெருகுநீர் பூசிக் கட்டினார்கள். மாதிரி விமானம் கட்டுபவர் வீட்டில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. இறக்கை தடிமனானது, சக்கரக் கால்கள் அகன்று நிற்பவை. ஸ்பிட்ஃபயரின் அழகு இதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்கும்போது பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் விமானம், அழகான விமானத்தைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும்.

28 கிலோவா, 5.6 கிலோவா?

ஹரிக்கேன் இரண்டாம் வகையின் இறக்கை நீளம் 12.19 மீட்டர். இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 23.9 சதுர மீட்டர். போருக்குப் புறப்படும்போது எடை சுமார் 3,500 கிலோ. இதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்போம். நீளங்கள் யாவும் 5 ஆல் வகுபடும், இறக்கை 2.44 மீட்டர் ஆகும். பரப்பு 25 ஆல் வகுபட்டு 0.96 சதுர மீட்டர் ஆகும். கன அளவு 125 ஆல் வகுபடும். ஆகவே எடை 28 கிலோ.

வகுப்பில் மாணவர்களைக் கேட்டால் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கதை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சதுர மீட்டர் இறக்கை எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதைப் பாருங்கள். பெரிய விமானத்தில் 146 கிலோ. 28 கிலோ மாதிரியில் 29 கிலோ, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மாதிரி பறக்கவேண்டிய வேகம் பெரிய விமானத்தின் வேகத்தை 5 இன் வர்க்கமூலத்தால், அதாவது 2.24 ஆல், வகுத்தால் கிடைக்கும். பெரிய ஹரிக்கேன், இறக்கை மடல்களை விரிக்காத நிலையில், மணிக்கு 145 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே போனால் தூக்குவிசை இழந்து விழும் என்று கணக்கு காட்டுகிறது. இந்த மாதிரி 65 கிலோமீட்டரில் விழும்.

ஆனால் நம் கண் வர்க்கமூலம் பார்ப்பதில்லை. ஒரு விமானம் தன் உடல் நீளத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையே கண் பார்க்கிறது. உண்மை ஹரிக்கேனைப் போலக் கம்பீரமாக மிதந்து வருகிறது என்று தோன்றவேண்டுமானால் வேகமும் சரியாக ஐந்தில் ஒரு பங்காக, இறங்கும்போது 29 கிலோமீட்டராக, இருக்கவேண்டும். அதற்கு எடை எவ்வளவு? வேகத்தின் இருமடி 25, பரப்பு 25, பெருக்கினால் 625. 3,500 ஐ 625 ஆல் வகுத்தால் 5.6 கிலோ.

இயற்பியல் கேட்பது 28 கிலோ. கண் கேட்பது 5.6 கிலோ. இரண்டுக்கும் நடுவே, மரமும் பசையும் எஞ்சினும் சேர்ந்து மேசை மேல் உருவாகும் விமானம் ஏறக்குறைய 10 கிலோவில் வந்து நிற்கிறது.

கண்ணின் பக்கம் முழுவதும் சாய்ந்துவிட்டாலும் தொல்லை தீராது. பெரிய விமானம் 60 டிகிரி சாய்ந்து ஒரு வளைவு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்வுக் கோணத்தின் டேஞ்சென்ட் மதிப்பு, வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைப்பது. வேகமும் ஆரமும் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டன. புவியீர்ப்பு மட்டும் குறையவில்லை. கணக்கிட்டால் மாதிரிக்கு 19 டிகிரி சாய்வே போதும். போர் விமானம் பேருந்து திரும்புவது போல் தட்டையாகத் திரும்பும்! 28 கிலோ மாதிரி சரியாக 60 டிகிரி சாயும். ஆனால் அதன் அசைவுகள் எல்லாம் 2.24 மடங்கு அவசரப்படும். திரைப்படங்களில் சிறிய மாதிரிகளை அதிக வேகத்தில் படமெடுத்துப் பின் மெதுவாக ஓட்டிக் காட்டுவது இந்த அவசரத்தை மறைக்கத்தான்.

காற்றும் சேர்ந்து சதி செய்கிறது. பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கிக் காற்றின் பாகியல் தன்மையால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். வேகமாகப் பறக்கும் ஹரிக்கேனின் இறக்கைக்கு இது ஏறத்தாழ 2 கோடி. நம் மாதிரிக்கு 5 லட்சம். எளிய சொற்களில், மாதிரியைச் சுற்றி ஓடும் காற்று அளவுக்கு ஒவ்வாமல் 'கெட்டியாக' இருக்கிறது. இறக்கையை விட்டு முன்னதாகவே பிரிந்துவிடுகிறது. இதற்காக மாதிரி கட்டுபவர்கள் இறக்கையின் நுனியைச் சற்றுக் கீழ்நோக்கி முறுக்கி வைப்பார்கள். சிலர் வாலை ஒரு பிடி பெரிதாக்குவார்கள். பார்ப்பவர் கண்டுபிடிக்காத அளவுக்குச் செய்யப்படும் இந்தப் பொய்களால்தான் அந்த 'உண்மையான' விமானம் வானில் நிற்கிறது.

கட்டுவதும் மெருகேற்றுவதும்

இத்தொழிலின் மரம் பால்சா. ஈக்வடார் நாட்டிலிருந்து வருவது. ஒரு கன மீட்டர் 150 கிலோ அளவுதான் இருக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக் கலைஞர்களுக்கு இந்த லேசின் அருமை தெரியும். கையில் எடுத்தால் எடுத்த உணர்வே இராது. வரைபடத்தைப் பலகையில் விரித்து, விலாச் சட்டங்களை வெட்டி, நீளத் தண்டுகளில் கோத்து, முறுக்கு வராமல் குண்டூசி குத்தி உலரவிடுவது பழைய முறை. தெர்மோகோல் கட்டையைச் சூடான கம்பியால் அறுத்துக் கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் போர்த்துவது பிந்திய முறை. பழைய முறையில் வேலை அதிகம். ஆனால் உள்ளே எந்தச் சட்டம் எந்த விசையைத் தாங்குகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். மாணவர்களுக்கு அதையே நான் சொல்வேன். இன்று பெட்டியைப் பிரித்தவுடன் பறக்கும் விமானங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பறக்கவிடுபவருக்கு விரல்கள்தான் பழகுகின்றன.

இனி மெருகு. போட்டிகளில் மாதிரி விமானத்தை முதலில் தரையில் நிறுத்தி, உண்மை விமானத்தின் படங்களோடும் அளவுப் படங்களோடும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள்; பிறகே பறக்கும் மதிப்பெண். அதனால் தரையில் வெல்வதற்கு ஆயிரம் உபாயங்கள் தோன்றின. வெள்ளைப் பசையை ஊசி முனையால் தொட்டுச் சிறு சிறு பொட்டுகளாக வைத்தால் காய்ந்தபின் ரிவெட் தலைகள் ஆகிவிடும். மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டி, மேலே பிரைமர் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து நாடாவை உரித்தால் தகடுகளின் இணைப்புக் கோடு வந்துவிடும். எஞ்சின் புகைபோக்கிக்குப் பின்னே கரித்தூளைத் தடவிப் புகைக்கறை எழுப்புவார்கள். பைலட் ஏறும் இடத்தில் வண்ணம் தேய்ந்தது போல் அலுமினிய நிறம் தெரியச் செய்வார்கள்.

வண்ணத்திலும் இயற்பியல் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு மாதிரியைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை விமானத்தை ஐம்பது மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஐம்பது மீட்டர்க் காற்று ஒளியைச் சிதறடித்து நிறங்களைச் சற்று வெளிறச் செய்யும். பத்து மீட்டர்க் காற்று அவ்வளவு செய்யாது. ஆகவே தொழிற்சாலை அடித்த அதே பச்சையை அப்படியே மாதிரிக்கு அடித்தால் கறுத்துத் தெரியும். தேர்ந்தவர்கள் கொஞ்சம் வெள்ளை கலந்து அடிப்பார்கள்.

வரலாறு அறியாதவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானிய விமானங்களின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். பர்மா வானில், கண் இமைக்கும் நேரத்தில், தம்மவரே தம்மவரைச் சுட்டுவிடும் அபாயம் இருந்தது. எனவே 1943 முதல் இப்போர்முனையில் சிவப்புப் பொட்டையே எடுத்துவிட்டார்கள். 1944 ஆம் ஆண்டு பர்மா ஹரிக்கேன் என்று சொல்லிச் சிவப்புப் பொட்டு வைத்தால் விஷயம் தெரிந்த நடுவர் புன்னகை செய்வார். ஒரு பொட்டு இல்லாமற் போனதற்குப் பின்னே சில பைலட்டுகளின் உயிர் இருக்கிறது.

ஆனால் மெருகுக்கு விலை உண்டு. நம் மாதிரியின் மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 100 கிராம் வண்ணம் என்று வைத்துக்கொண்டாலே 350 கிராம் ஏறிவிடும். அதிலும் வாலில் ஏறும் எடை கொடியது. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தொலைவு, மூக்கு இருக்கும் தொலைவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். நெம்புகோல் தத்துவப்படி, வாலில் சேர்ந்த ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 20 கிராமுக்கு மேல் ஈயம் வைத்தாகவேண்டும். அழகான வால் கொண்ட மாதிரிகளின் மூக்கைத் திறந்து பார்த்தால் ஈயக்கட்டி சிரிக்கும்.

பறக்கவிடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ரேடியோக்கள் 'திரும்பு', 'திரும்பாதே' என்ற இரண்டே கட்டளை கொடுத்தன. 1960களில் விகித முறை வந்தது. ஒவ்வொரு சர்வோ மோட்டாருக்கும் நொடிக்கு 50 தடவை ஒரு துடிப்பு போகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடி என்றால் மடல் நடுவில் நிற்கும். 1 மில்லி நொடி என்றால் ஒரு கோடிக்கும், 2 என்றால் மறு கோடிக்கும் போகும். கையில் உள்ள குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு அசைவு. எல்லாம் சரிதான். ஆனால் விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலம் நமக்கு இடம் ஆகிவிடும். புதியவர்களின் விமானங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மண்ணைத் தொடுகின்றன.

விசைகளைக் காத்தவர்கள்

மூன்றாவது பாதையில் போனவர்களுக்கு ரிவெட்டும் வேண்டாம், கம்பீரமும் வேண்டாம். மாதிரியின் மேல் அளந்த எண்ணைப் பெருக்கினால் பெரிய விமானத்தின் எண் கிடைக்கவேண்டும். அவ்வளவே.

அமெரிக்காவின் எஃப்-15 போர் விமானம் தூக்குவிசை இழந்து சுழன்று விழுந்தால் மீளுமா என்று அறியவேண்டியிருந்தது. உள்ளே ஆளை வைத்துச் சோதிக்கத் தயங்கிய நாசா, எட்டில் மூன்று பங்கு அளவில் மாதிரி செய்தது. எடையும், எடை பரவியிருக்கும் விதமும் விதிப்படி குறைக்கப்பட்டன. 1973 இல் பி-52 விமானத்தின் இறக்கையிலிருந்து அது கழற்றிவிடப்பட்டது. ஐனர் எனவோல்ட்சன் என்ற சோதனை பைலட் தரையில் அமர்ந்து அதை ஓட்டினார். மாதிரிக்கு ஆன செலவு ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர். முழு விமானம் 68 லட்சம் டாலர். மாதிரியின் அசைவுகள் பெரியதைவிட 1.6 மடங்கு விரைவு என்பதால் பைலட்டுக்குச் சிந்திக்கக் கிடைத்த நேரமும் அவ்வளவு குறைவு. நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தும் அவருடைய இதயத்துடிப்பு வெகுவாக உயர்ந்ததாம்.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான ஒரு வழியைக் கையாண்டார்கள். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காக எச்.எஃப்-24 'மாருத்' போர் விமானத்தை வடிவமைத்தபோது, அதே வடிவில் முழு அளவிலேயே, எஞ்சின் இல்லாத மர மிதவை விமானம் ஒன்றைக் கட்டினார்கள். 1959 இல் டகோட்டா விமானம் அதை இழுத்துச் சென்று மேலே விட்டது. அளவைக் குறைக்காததால் அளவு விதியின் தொல்லை இல்லை. வேகத்தை மட்டும் கைவிட்டார்கள். மாருத் 1961 ஜூன் மாதம் பறந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூலை 1 ஆம் நாள், கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வாலற்ற, இறக்கையே உடலான ஆளில்லா விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. எதிர்காலத்தில் செய்யவிருக்கும் ஆளில்லாப் போர் விமானத்துக்கு அது சிறிய முன்மாதிரி. தானே ஏறி, பறந்து, தானே இறங்கிற்று.

தமிழ்நாட்டில் இந்த மரபின் வேர் குரோம்பேட்டையில் இருக்கிறது. 1949 இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றைத் தோழர்களோடு வடிவமைக்கப் பணிக்கப்பட்டதையும், வேலை போதாதென்று பேராசிரியர் ஸ்ரீநிவாசன் மூன்றே நாள் கெடு வைத்ததையும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த விமானம் தாளோடு நின்றது. அதே வளாகத்து மாணவர்களின் 'தக்ஷா' குழு 2018 இல் ஆஸ்திரேலியாவில் நடந்த, மருத்துவ மாதிரியை எடுத்துவரும் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தக்ஷாவின் விமானத்தில் எந்தப் போர் விமானத்தின் சாயலும் இல்லை. குட் சகோதரர்களைப் போல அவர்களும் சாயலை விட்டு வேலையைப் பிடித்துக்கொண்டவர்கள்.

2022 இல் தொடங்கிய உக்ரைன் போரில், பொழுதுபோக்குக் கடைகளில் கிடைக்கும் மோட்டார்களையும் கேமராக்களையும் கொண்டு கட்டிய சிறு கருவிகள் பீரங்கி வண்டிகளை அழிப்பதை உலகம் பார்த்தது. டென்னியின் கடைக்கும் அவருடைய தொழிற்சாலைக்கும் இடையே இருந்த தொலைவுகூட இப்போது இல்லை. எதைச் செய்யலாம், எங்கே பறக்கவிடலாம் என்று சட்டம் கேட்பது அதனால்தான். 2021 ஆகஸ்டு 25 இல் வெளியான இந்திய டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தன. எடை 25 கிலோவுக்கு மிகக்கூடாது. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கே பயன்படவேண்டும். ஓட்டுபவரின் கண் பார்வைக்குள் பறக்கவேண்டும். நம் 28 கிலோ ஹரிக்கேன் இதில் அடங்காது. இயற்பியலின் கண்ணில் மிகச் சரியான மாதிரி, சட்டத்தின் கண்ணில் மாதிரியே அன்று!

வல்லம் வடகாலில் திட்டமிடப்பட்டது போன்ற சோதனை நிலையத்துக்கு வரும் விமானத்தை, எதைப் போல் இருக்கிறாய் என்று எவரும் கேட்கப்போவதில்லை. அதிர்வைத் தாங்குமா, சித்திரை வெயிலில் மின்கலம் நிற்குமா, பக்கத்து ரேடியோ அலை குறுக்கிட்டால் கட்டளை தவறுமா என்பன போன்ற கேள்விகளே அங்கு எழும். அக்கேள்விகளுக்கு விடை காணப்போகிறவர்களில் சிலராவது சுற்றுவட்டாரத்து ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இன்று படித்துக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள். அவர்களில் யாருக்கேனும் ஹரிக்கேன் ஆசை இருந்தால், முதல் விமானமாக அதைத் தொடவேண்டாம். இறக்கை உடலின் மேலே அமைந்த, ஒன்றரை மீட்டர் அகலப் பயிற்சி விமானம் ஒன்றை வரைபடம் பார்த்துக் கட்டுங்கள். மின்கலம் உட்பட எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபின், முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்குச் சற்றுப் பின்னே, இரண்டு பக்கமும் விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு இலேசாகத் தாழ்ந்தால் திடலுக்கு எடுத்துப் போகலாம். வால் தாழ்ந்தால் ஈயம் தேடவேண்டியதுதான்.